சோழமண்டலத்தின் போஷகர்கள்

கலை வளர்வதற்குச் செல்வாக்குள்ள ஒரு போஷகரின் நிழல் வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னரின் ஆதரவில் தஞ்சைச் சித்திரக்காரர்கள் பொன்தகடு ஒட்டி, கல் பதித்துப் படம் எழுதிய காலத்தில் அவ்வெண்ணம் உண்மையாகவே இருந்தது. ஆனால் 1855-இல் கும்பினியார் அந்த சமஸ்தானத்தைத் தமதாக்கிக்கொண்டபோது, அரண்மனையையே நம்பியிருந்த குடும்பங்களின் கதி என்னவாயிற்று என்பதையும் நாம் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். கலைஞனுக்கு இனி யார் சோறிடுவது என்னும் வினாவுக்கு இப்பக்கத்தில் கௌரவமானதொரு விடை கிடைக்க நூறாண்டுகளுக்கு மேல் சென்றன. சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலில் 1966-இல் எழுந்த சோழமண்டலம் கலைஞர் கிராமமே அவ்விடை என்பது என் திடமான அபிப்பிராயம்.

அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, வெகுகாலம் கைத்தொழில் பயிற்சியையே பிரதானமாகக் கொண்டிருந்தது. 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமையை ஏற்ற பின்னரே ஓவியமும் சிற்பமும் அங்கே சுதந்திரமான கலைகளாகத் தழைத்தன. மெரினாவில் உழைப்பாளர் சிலையைக் காணும் எவரும் அவர் கைவண்ணத்தை அறிவர். அவரிடம் பயின்று, 1957-இல் அப்பொறுப்புக்கு வந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். தந்தி இலாகா உத்தியோகத்தை உதறிவிட்டு ஓவியம் கற்க வந்த அவருக்கு, ஜீவனோபாயத்துக்கும் கலைக்கும் இடையே ஒரு மனிதன் படும் அவஸ்தை நன்கு தெரியும். 1944-இலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தைக் கூட்டியவர் அவர். ஆயினும் சங்கம் கூடிப் பேசுவதாலும் கண்காட்சி வைப்பதாலும் வயிறு நிறைந்துவிடுவதில்லை. ஆண்டுதோறும் கல்லூரியை விட்டுச் செல்லும் திறமைசாலிகள், ஏதேனும் ஒரு சம்பளத்தைத் தேடிப் போய்த் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதை அவர் கண்ணெதிரே கண்டார்.

இதற்குப் பரிகாரமாக, அறுபதுகளின் தொடக்க ஆண்டுகளில் கலைஞர்கள் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு முதன்மையாகக் கைகொடுத்த தொழில் பாத்திக். வெண்துணியில் கோலம் வரைந்து, சாயம் ஏறக்கூடாத இடமெல்லாம் உருகிய மெழுகைத் தூரிகையால் பூசி, சாயத்தில் அமிழ்த்தி உலர்த்தி, அடுத்த நிறத்துக்காக மறுபடியும் மெழுகு பூசி, இறுதியில் கொதிநீரில் மெழுகைக் கரைத்தெடுக்கும் பொறுமையான வேலை அது. மெழுகு விரிசல் விட்ட இடங்களில் சாயம் ஊடுருவி நரம்பு நரம்பாக ஓடுவதுதான் அத்துணியின் தனி அழகு. அத்துணிகளை விற்ற பணத்தைச் சேர்த்துத்தான் சவுக்கும் மணலுமாகக் கிடந்த ஏறக்குறைய பத்து ஏக்கர் நிலத்தை வாங்கினார்கள். எந்த ஜமீன்தாரின் தானமும் அன்று. எந்த அரசாங்கத்தின் மானியமும் அன்று.

முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இம்முயற்சியில் இறங்கினார்கள். நல்ல பாதை இல்லாத அக்காலத்தில், மீனவக் குப்பங்களுக்கு அருகே குடிசை போட்டுக்கொண்டு, ஒரு வேளை கைவினையும் மறுவேளை தம் சொந்தக் கலையுமாக வாழ்ந்த சுல்தான் அலி, பரமசிவம், வாசுதேவ், ஹரிதாசன், கோபிநாத், நந்தகோபால் முதலியோரின் பெயர்கள் பின்னர் தேசமெங்கும் அறியப்பட்டன. அவர்களுள் என் நெஞ்சை மிகவும் கனக்கச் செய்பவர் ராமானுஜம். மைக்கோடுகளால் கோபுரங்களும் நாகங்களும் விந்தை விலங்குகளும் நிறைந்த ஒரு தனி உலகத்தையே படைத்த அந்த இளைஞர் 1973-இல் அகால மரணமடைந்தார். கூட்டுவாழ்க்கை எல்லாத் துயரையும் போக்கிவிடாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் உயிரோடிருந்தவரை அவருக்கு ஒரு கூரையும் வரைவதற்குத் தாளும் தோழர்களும் கிடைத்த இடம் அதுவே.

கைவினை செய்து பிழைப்பது கலைஞனின் தரத்தைத் தாழ்த்திவிடும் என்று கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். இதை நான் ஏற்பதற்கில்லை. நம் ஸ்தபதிகள் உற்சவரையும் வார்த்தார்கள், குத்துவிளக்கையும் வார்த்தார்கள். ஒன்றினால் மற்றொன்று இழிவடைந்ததாக எவரும் கருதியதில்லை. மேலும், படம் வாங்கும் வசதியற்ற குடும்பம் ஒன்று, பிடித்துப்போன ஒரு பாத்திக் துணியை விலை கொடுத்து வாங்கியபோது, தன்னையறியாமலே ஒரு பெரிய ஓவிய மரபுக்குப் போஷகனாயிற்று. சரபோஜி மன்னருக்கு நாம் செலுத்தும் நன்றியில் ஒரு பங்கு, பெயர் தெரியாத அந்த வாடிக்கையாளர்களுக்கும் உரியது.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலத்தின் விலை ஏறியிருக்கும் நிலையில், துணி விற்று மனை வாங்கும் சாகசத்தை இளங்கலைஞர்கள் மீண்டும் செய்ய இயலாது. ஆகவே, கல்லூரியை விட்டு வெளிவரும் ஓவியர்களும் சிற்பிகளும் கூடி வேலை செய்யப் பயன்படாமல் கிடக்கும் பொதுக் கட்டடங்களைக் குறைந்த வாடகைக்குத் தர உள்ளாட்சி மன்றங்கள் முன்வர வேண்டும். அச்சடித்த படங்களைச் சுவரில் மாட்டும் வங்கிகளும் மருத்துவமனைகளும் கல்யாண மண்டபங்களும், அதற்குப் பதிலாக உள்ளூர்க் கலைஞரின் அசல் படைப்பொன்றை வாங்கலாம். வாசகர்களும் சோழமண்டலத்தில் 2009-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தை ஒருமுறையேனும் குழந்தைகளோடு சென்று பாருங்கள். அடுத்த முறை வீட்டுக்கோ அன்பளிப்புக்கோ ஒரு பொருள் வாங்க நேரும்போது, அதைச் செய்த கலைஞரிடமே கேட்டு வாங்குங்கள்.