நாய்த் தொல்லைக்கு நஞ்சு தீர்வல்ல

நாய்த் தொல்லை பற்றிய பேச்சு எழாத வணிகர் கூட்டமே இல்லை என்றாகிவிட்டது. அதிகாலையில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் தொழிலாளியும், இரவு கடை சாத்திய பின் வீடு திரும்பும் சிப்பந்தியும் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. வெறிநாய்க்கடி நோய் கண்டபின் பிழைத்தவர் அரிது. ஆனால், "எல்லாவற்றையும் கொன்று தொலைக்க வேண்டியதுதான்" என்று சில அன்பர்கள் கூறுவதை ஏற்பதற்கில்லை.

சென்னை மாநகராட்சி அதைப் பல்லாண்டுகள் செய்து பார்த்தது. நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றும் தொல்லை தீரவில்லை. 1959-ல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து தடுப்பூசி போடலாம் என்று 1964-லேயே சொன்னது. மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-ல்தான். 2001-ல் மத்திய அரசு இதை நாடு முழுமைக்கும் விதியாக்கியது.

இதன் கணக்கு வணிகருக்குப் புரியாததல்ல. கொள்முதலை நிறுத்தாமல் விற்பனையை மட்டும் கூட்டினால் கிடங்கு காலியாகுமா? பெட்டை நாயின் சினைக்காலம் இரண்டே மாதம். ஒரு தெருவில் நாய்களை ஒழித்தாலும், குப்பையில் தீனி கிடக்கும்வரை அடுத்த தெரு நாய்கள் வந்து சேரும். அவை ஊசி போடாதவையாகவும் இருக்கும். கருத்தடை செய்து, காது நுனியில் அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விட்ட நாயோ குட்டி போடாது. புது நாயையும் எளிதில் அண்டவிடாது.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும், வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை நீங்கலாக மற்றவற்றை ஊசி போட்டு அதே இடத்தில் விடச் சொன்னது. நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை அங்கே திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்க உத்தரவிட்டது. ஆகவே காப்பகங்களின் சுமை இனிக் கூடவே செய்யும்.

"மனிதனுக்கே வழியில்லை, நாய்க்கா தர்மம்?" என்பார்கள். கடிபடுபவன் மனிதன்தானே! ஊசி போட்ட நாய் நம் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. நஞ்சு வைப்பதோ ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

மகமை எடுத்து அறம் வளர்த்த மரபு நம்முடையது. அதில் ஒரு சிறு பங்கை அந்தந்த ஊர்க் காப்பகத்தின் கருத்தடைப் பணிக்கு ஒதுக்கலாம். நொய்யரிசி, பழைய கோணிச் சாக்கு, செய்தித்தாள் யாவும் அங்கே பயன்படும். பூசணம் பிடித்த கடலையைத் தள்ளிவிடும் இடமாக மட்டும் அதை எண்ண வேண்டாம்; அது நாய்க்கும் நஞ்சே. உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயமும் அதற்கு ஆகாது.

கடை வாசலில் கழிவைக் கொட்டாமல் இருப்பது நம் கையில் உள்ளது. எவரையேனும் நாய் கடித்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் காலம் கடத்த வேண்டாம்.

நகராட்சிக்கு மனுக் கொடுக்கும் சங்கங்கள், "நாயை அகற்று" என்று மட்டும் எழுதாமல், "கருத்தடை மையம் அமைத்திடுக, எங்கள் பங்கையும் பெற்றுக்கொள்க" என்று எழுதினால், அந்த மனுவுக்கு மதிப்பும் இருக்கும், பலனும் இருக்கும்.