டான்சிலில் தடுப்பூசி சோதனை: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

எலியிடம் பலன் தந்த தடுப்பூசி மனிதருக்கும் பலன் தருமா? தரும்னு உறுதி கிடையாது. பல தடுப்பூசிகள் சறுக்குவது இங்கேதான்.

இதற்கு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2021-ல் ஒரு வழி காட்டினார்கள். அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட டான்சில்தான் மூலப்பொருள். அதன் செல்களைப் பிரித்து வளர்ப்புத் தட்டில் விட்டால், சில நாட்களில் அவை மறுபடி ஒன்றுசேர்ந்து, குட்டி நோய் எதிர்ப்பு உறுப்பு போலவே இயங்குகின்றன. ஃப்ளூ தடுப்பூசியைச் சேர்த்தபோது, ஆன்டிபாடிகள் உருவாகின. ஆளுக்கு ஆள் எதிர்வினை மாறுவதும் தெரிந்தது.

ஆனால், ஊசி போட்டால் காய்ச்சல் வருமா, பாதுகாப்பு எத்தனை வருஷம் நீடிக்கும் என்பதையெல்லாம் தட்டு சொல்லாது. அதற்கு முழு உடல் வேண்டும். எனவே, தேறாத தடுப்பூசிகளை ஆரம்பத்திலேயே கழித்துக்கட்ட இதைப் பயன்படுத்தலாம். மனிதர்களிடம் நடத்தும் பரிசோதனையைச் சுருக்க இதைச் சாக்காக்கக் கூடாது.