87 சில்வியா: நுங்கம்பாக்கத்தில் கண்டுபிடித்த ராட்சத சிறுகோள், அதற்கு இரண்டு நிலா!

பெங்களூரில் வேலை, சென்னையில் வீடு என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் நீங்கள் கடக்கும் தூரம் சுமார் 350 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை அப்படியே ஒரு கல்லின் நீளமாக நினைத்துப் பாருங்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டையில் அப்படி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயர் 87 சில்வியா. அதை முதன்முதலில் கண்டுபிடித்தது உங்க பஸ் போய்ச் சேரும் ஊரில்தான்: நுங்கம்பாக்கம், 1866 மே 16.

கண்டுபிடித்தவர் நார்மன் போக்சன். 1861-ல் மெட்ராஸ் அப்சர்வேட்டரிக்கு அரசு வானியலாளராக வந்தவர், 1891-ல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய அந்த ஆய்வகத்தின் இடத்தில் இன்று இருப்பது, மழைக்காலத்தில் டிவியில் நாம் தினமும் பார்க்கும் மண்டல வானிலை ஆய்வு மையம். ஆய்வகத்தின் கிரானைட் தூண் இன்னும் அந்த வளாகத்தில் நிற்கிறது. தமிழிலும் அதில் கல்வெட்டு உண்டு.

சரி, பெங்களூருக்கு என்ன சம்பந்தம்? மெட்ராஸ் அப்சர்வேட்டரியின் வானியல் பணி 1899-ல் கொடைக்கானலுக்குப் போனது. அங்கிருந்து வளர்ந்ததுதான் 1971-ல் தன்னாட்சி நிறுவனமான இந்திய வான் இயற்பியல் நிறுவனம். இன்று அதன் தலைமையகம் கோரமங்களாவில். அந்தப் பக்கம் ஆபீஸ் போகிறவர்கள் தினமும் அதைக் கடந்துதான் போகிறீர்கள். மெட்ராஸ் காலத்து ஆவணங்களைப் பாதுகாப்பதும் இந்த நிறுவனம்தான்.

கேமரா இல்லாமல் எப்படிக் கண்டுபிடித்தார்?

போட்டோ மூலம் முதல் சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது 1891 டிசம்பரில், ஜெர்மனியில். போக்சன் அதற்குச் சில மாதங்கள் முன்பே காலமாகிவிட்டார். அவர் காலத்தில் வழி ஒன்றுதான்: தொலைநோக்கியில் கண்ணை வைத்து, வானத்தின் ஒரு சின்னத் துண்டை வரைபடத்தோடு ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிடுவது. வரைபடத்தில் இல்லாத புள்ளி தெரிந்தால் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரவுகளில் அது நகர்கிறதா என்று பார்ப்பது.

சில்வியா எவ்வளவு மங்கல் என்று சொல்ல போக்சனின் அளவுகோலையே எடுத்துக்கொள்ளலாம். நட்சத்திரங்களின் பிரகாசத்தில் 5 படி வித்தியாசம் என்றால் 100 மடங்கு வித்தியாசம் என்று 1856-ல் கணக்கு வகுத்துக் கொடுத்தவர் அவர்தான். உலகம் முழுக்க வானியலாளர்கள் இன்றும் பயன்படுத்துவது அதைத்தான். அந்தக் கணக்கில், இருண்ட வானத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான நட்சத்திரத்தைவிட சில்வியா 100 மடங்குக்கும் மேல் மங்கல்.

மெட்ராஸிலிருந்து அவர் பிடித்தவை மொத்தம் 5: ஏஷியா (1861), சாஃபோ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வேரா (1885). ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால்தான் முதலாவதற்கு அந்தப் பெயர்.

இங்கே இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். ஆய்வகத்தின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர். 1872-ல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரானார். போக்சன் பெயர் பாடப்புத்தகம்வரை வந்துவிட்டது, இவர் பெயர் சென்னையிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

சில்வியாவில் அப்படி என்ன விசேஷம்?

சராசரி விட்டம் சுமார் 270 கி.மீ. சிறுகோள் பட்டையின் மிகப் பெரிய பொருட்களின் வரிசையில் முதல் பத்துக்குள் வைக்கப்படுகிறது. உருண்டை இல்லை, உருளைக்கிழங்கு மாதிரி நீண்ட வடிவம். பூமியைவிட மூன்றரை மடங்கு தொலைவில் இருந்து சூரியனைச் சுற்றிவர ஆறரை ஆண்டு எடுக்கும். ஆனால் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 5 மணி 11 நிமிடம்தான். ஓசூர் ரோடு டிராஃபிக்கையும் சேர்த்தால், உங்க பஸ் சென்னை போய்ச் சேர்வதற்குள் சில்வியாவில் ஒரு பகலும் ஒரு இரவும் முடிந்திருக்கும்.

உண்மையான ஆச்சரியம் 135 வருஷம் கழித்து வந்தது. 2001-ல் ஹவாயின் கெக் தொலைநோக்கி மூலம் சில்வியாவைச் சுற்றும் ஒரு நிலாவை மைக்கேல் பிரவுனும் ஜான்-லூக் மார்கோவும் கண்டார்கள். 2005-ல் ஃபிராங்க் மார்ஷிஸ் குழு, சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கித் தரவுகளில் இரண்டாவது நிலாவையும் அறிவித்தது. இரண்டு நிலாக்கள் இருப்பதாகத் தெரியவந்த முதல் சிறுகோள் இதுதான். ரோம் நகரத்தை நிறுவிய இரட்டையர்களின் தாய் ரியா சில்வியா. அதனால் நிலாக்களுக்கு ரோமுலஸ், ரீமஸ் என்று பெயர். ரோமுலஸ் சுமார் 1,360 கி.மீ. தொலைவில் மூன்றரை நாளுக்குச் சற்று அதிகமான நேரத்தில் ஒரு சுற்று வருகிறது. ரீமஸ் சுமார் 700 கி.மீ. தொலைவில், ஒன்றரை நாளுக்குள்.

நிலா இருந்தால் என்ன லாபம்? எடை போட்டுப் பார்க்கலாம். நிலா எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரத்தில் சுற்றுகிறது என்று தெரிந்தால் நடுவில் இருக்கும் பொருளின் நிறை தெரிந்துவிடும். அதைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. சில்வியாவுக்குக் கிடைத்த விடை, ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.3 முதல் 1.4 கிராம். தண்ணீர் 1, நம்ம ஊர் கிரானைட் சுமார் 2.7. அதாவது நுங்கம்பாக்கம் தூணின் அடர்த்தியில் பாதிதான். உள்ளே ஏகப்பட்ட வெற்றிடம் இருக்க வேண்டும். பழைய மோதல் ஒன்றில் உடைந்து மறுபடி சேர்ந்த கற்குவியல் என்பது 2005-ன் முடிவு. 2021-ல் வந்த ஆய்வு, நிலாக்களின் பாதையை இன்னும் நுணுக்கமாகப் பார்த்து, மையப்பகுதி வெளிப்பகுதியைவிட அடர்த்தியானது என்றது. விவாதம் இன்னும் முடியவில்லை.

கமில்லாவும் சுமார் 250 கி.மீ. பெரிசு, அதற்கும் இரண்டு நிலா இருப்பது 2016-ல் உறுதியானது. போக்சன் மெட்ராஸில் கண்ட ஐந்தில் இரண்டு இப்படி!

அப்புறம் ஏன் இவ்வளவு பெரிய இடைவெளி?

வேராவுக்குப் பிறகு இந்தியாவிலிருந்து அடுத்த சிறுகோள் வந்தது 1988 பிப்ரவரி 17-ல், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள காவலூரில். கண்டுபிடித்தவர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆர்.ராஜமோகன், கல்கி என்ற தேடல் திட்டம், பெயர் 4130 ராமானுஜன். ‘104 ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று பல இடங்களில் படிப்பீர்கள். 1885 பிப்ரவரியிலிருந்து கழித்துப் பாருங்க, 103 தான் வரும்.

அந்த இடைவெளியில் இங்கே ஆளே இல்லை என்று அர்த்தமில்லை. கொடைக்கானல் சூரியனைப் பார்க்கத் திரும்பிவிட்டது. சிறுகோள் வேட்டைக்கு வேண்டியது வருஷக்கணக்கில் விடாமல் வானத்தைத் துழாவும் ஒரு கருவி, அதையே வேலையாகச் செய்யும் ஒரு குழு. இன்று அந்த வேலையை இயந்திரங்கள் செய்கின்றன. 2025 ஜூனில் சிலியின் ரூபின் ஆய்வகம் வெறும் 10 மணி நேரப் பதிவுகளில் 2,104 புதிய சிறுகோள்களைக் காட்டியது.

இதனால்தான் ‘சிறுகோள் கண்டுபிடித்த பள்ளி மாணவர்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன். மாணவர்களுக்கு ஒரு சர்வதேசத் திட்டம் தொலைநோக்கிப் படங்களை அனுப்புகிறது. நகரும் புள்ளியைக் குறித்து அனுப்பினால் அது முதற்கட்டப் பதிவு. நல்ல பயிற்சி, சந்தேகமில்லை. ஆனால் மறுபடி மறுபடி பார்த்து, தற்காலிகப் பெயர் கிடைத்து, பல ஆண்டுகள் பாதை கணிக்கப்பட்ட பிறகுதான் நிரந்தர எண் கிடைக்கும். அந்த எண் வந்த பிறகே பெயர் வைக்கும் உரிமை. செய்தியில் 87, 4130 மாதிரி ஒரு எண் இருக்கிறதா, இல்லை ஆண்டும் சில எழுத்துகளும் மட்டும்தானா, இல்லை அதுவும் இல்லையா என்று பார்த்தாலே எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.