கிளிக் சத்தம் கேட்டபின் மறுபடி மின்சாரம் கொடுக்காதீர்கள்

பழுதான ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தால், முதலில் வந்த பழுதைவிட அதற்குப் பிறகு யாரோ செய்த முயற்சிகளின் கீறல்தான் அதிகம் இருக்கும். டேட்டா மீட்பில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும் ‘இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்ற பழக்கம் நம் சர்வீஸ் மேசைகளை விட்டுப் போகவில்லை. அதை நிறுத்த வேண்டும்.

தட்டு எதனால் ஆனது என்பதை நினைவில் வைத்திருந்தால் கை தானாக நிற்கும். 3.5 அங்குல டிரைவ்களில் பெரும்பாலும் அலுமினிய மெக்னீசியக் கலவைத் தட்டு, அதன்மேல் நிக்கல் பாஸ்பரஸ் முலாம். லேப்டாப்பின் 2.5 அங்குல டிரைவ்களில் பொதுவாகக் கண்ணாடி. இரண்டுமே வெறும் தாங்கிகள். டேட்டா இருப்பது அதன்மேல் படிந்த கோபால்ட், குரோமியம், பிளாட்டினம் கலந்த மெல்லிய படலத்தில். அதற்குக் காவலாக இருப்பது இரண்டு மூன்று நானோமீட்டர் கார்பன் பூச்சும், ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் மசகுப் படலமும் மட்டுமே. 7200 சுற்றில் 3.5 அங்குலத் தட்டின் வெளிவிளிம்பு மணிக்குச் சுமார் 130 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. படிக்கும்போது ஹெட் அதற்கு மேலே ஓரிரு நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. கண்ணுக்கே தெரியாத தூசித் துகள்கூட அந்த இடைவெளியைவிட ஆயிரம் மடங்கு பெரிது. மின்விசிறி ஓடும் கடையில் மூடியைக் கழற்றுவது என்ன காரியம் என்று இதிலிருந்தே புரியும்.

2000-இல் வந்த ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி நினைவிருக்கும். டெஸ்க்டாப் டிரைவாக இருந்தும் அதில் கண்ணாடித் தட்டுகள். பழுதான பல டிரைவ்களில் காந்தப் படலம் வளைய வளையமாகச் சுரண்டுபட்டு, அடியில் கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது. 2001-இல் அமெரிக்காவில் வழக்கு வரைக்கும் போனது. அந்த வளையத்தில் இருந்ததை எந்தக் கருவியாலும் திரும்பப் படிக்க முடியாது, ஏனென்றால் படிக்க அங்கே பொருளே இல்லை. அது தூளாகி டிரைவுக்குள்ளேயே பறந்திருக்கும். தட்டைச் சுத்தம் செய்யாமல் டோனர் டிரைவின் ஹெட்டை மாட்டினால், அதுவும் அதே தூளில் மோதிச் சாகும். டோனரும் போச்சு, மிச்சமிருந்த டேட்டாவும் போச்சு.

கீழே விழுந்த லேப்டாப் டிரைவை மெல்லச் சாய்க்கும்போது சலசலவென்று சத்தம் வந்தால் கண்ணாடித் தட்டு உடைந்திருக்கலாம். அதற்கு மின்சாரமே கொடுக்கக் கூடாது. பிசிபி மட்டும் போன டிரைவ்களும் வரும், அவை நமக்குக் கிடைக்கும் நல்ல கேஸ்கள். அங்கேயும் அதே மாடல் போர்டை அப்படியே மாற்றிப் போட்டால் பெரும்பாலும் வேலைக்காகாது. அந்த டிரைவுக்கென்று தொழிற்சாலையில் பதிந்த அளவுகள் ரோம் சிப்பில் இருக்கும், சிப்பையும் எடுத்து மாற்றிச் சால்டர் செய்ய வேண்டும்.

ஸ்மார்ட் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது என்று வாடிக்கையாளரிடம் தைரியம் சொல்லி அனுப்புவதும் தவறு. கூகுள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிரைவ்களை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரைப்படி, பழுதானவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அளவீடுகளில் எதிலும் முன்னறிகுறி காட்டவில்லை. அதே சமயம், முதல் ஸ்கேன் பிழை வந்த டிரைவ் அடுத்த 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழை வராததைவிட 39 மடங்கு. அறிகுறி இல்லை என்றால் நம்பாதீர்கள், வந்துவிட்டால் அன்றே இமேஜ் எடுங்கள். செக்டார் செக்டாராக, படிக்க வராத இடத்தைத் தாண்டிக்கொண்டு, நல்ல பகுதியை முதலில் எடுக்க வேண்டும். செக்டிஸ்க் போன்றவை பழுதான டிரைவிலேயே எழுதிக் குழப்பிவிடும். அவற்றை இமேஜின் நகலில் ஓட்டிக்கொள்ளலாம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். டிரைவை மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்பும்போது, பழுதுக்குப் பிறகு எத்தனை முறை மின்சாரம் கொடுத்தீர்கள், என்ன சத்தம் வந்தது, எந்த மென்பொருளை ஓட்டினீர்கள், மூடியைத் திறந்தீர்களா என்று ஜாப் கார்டில் உள்ளபடி எழுதி அனுப்புங்கள். வாடிக்கையாளர் முன்பே வேறெங்காவது காட்டியிருந்தால் அதையும் கேட்டுச் சேருங்கள். திறந்து பார்க்கலாமா, சுத்தம் செய்துவிட்டு ஹெட் மாற்றலாமா என்பதை எதிர்முனையில் இருப்பவர் அந்த நான்கு வரிகளை வைத்துத்தான் முடிவு செய்கிறார்.