வெள்ளச்சி ரெடியா?



இந்த வாரக் கேள்வி திருச்சி எடமலைப்பட்டி புதூரில் இருந்து. கேட்டிருக்கும் தோழி பி.காம். செகண்ட் இயர். வீட்டில் வெள்ளச்சி என்று ஒரு ராஜபாளையம். வயசு ஒன்பது மாசம். போன வாரம்தான் முதல் முறையா ஹீட்டுக்கு வந்திருக்கு. விஷயம் தெரிஞ்சதும் ரெண்டு தெரு தள்ளி இருக்கும் அண்ணன் ஒருத்தர், "நம்மகிட்ட சூப்பரா ஒரு ஆண் நாய் இருக்கும்மா... கிராஸ் பண்ணிடலாம். குட்டியை வித்தா உன் செமஸ்டர் ஃபீஸ் வந்துடும்ல?" என்று ஆசை காட்டியிருக்கார். அம்மாவோ, "பொட்டைன்னா ஒரு தடவையாவது குட்டி போடணும். இல்லாட்டி அது உடம்புக்கு ஆகாது" என்கிறாராம். தோழி கேட்பது ஒண்ணே ஒண்ணுதான்... 'வெள்ளச்சி ரெடியா?'

பதிலை முதல்லயே சொல்லிடறேன் தோழி. இல்லை! இந்த ஹீட்டிலும் வேணாம், அடுத்த ஹீட்டிலும் வேணாம்.

ஹீட்டுக்கு வந்துட்டாலே வயசுக்கு வந்தாச்சு, அப்புறம் என்ன என்றுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. சின்ன ஜாதி நாய்கள் ஆறு மாசத்திலேயே ஹீட்டுக்கு வந்துடும். பெரிய ஜாதிகள் ஒரு வருஷம், அதுக்கு மேலயும்கூட எடுத்துக்கும். ஆனா அந்தச் சமயத்தில் அதோட எலும்பு வளர்ச்சியே முழுசா முடிஞ்சிருக்காது. ராஜபாளையம் நல்ல உயரமான நாய். ஒன்பது மாசத்தில் ஆள் நெடுநெடுன்னு இருக்கும், உள்ளுக்குள்ள இன்னும் குட்டிதான்! தான் வளரவே சத்து தேவைப்படும் நேரத்தில், வயித்துக்குள்ளே ஏழெட்டு ஜீவன்கள் பங்குக்கு வந்தா அது எங்கே போகும்?

சிம்பிளா ஒரு கணக்கு போடுவோம். பெரும்பாலான நாய்கள் ஆறேழு மாசத்துக்கு ஒரு முறை ஹீட்டுக்கு வரும். வெள்ளச்சிக்கு இப்போ 9 மாசம். அடுத்தது சுமார் 15 மாசத்தில். அதுக்கடுத்தது 21 மாசத்தில். யோசிக்க ஆரம்பிக்க வேண்டியது அந்த மூணாவது ஹீட்டில்தான்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லீங்க. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளும், 18 மாசம் ஆகாத நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் சொல்லுது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்பதற்காகக் குட்டி போட வைக்கிறவங்க மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செஞ்சிருக்கணும். அந்த அண்ணன்கிட்ட பதிவு இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. பேச்சை மாத்தினா புரிஞ்சுக்கங்க!

சரி, இப்போ நடக்கிற ஹீட்டை எப்படிச் சமாளிக்கிறது? இதில்தான் பலர் கோட்டை விடறாங்க. மொத்தம் மூணு வாரம். முதல் ஒன்பது நாள் போல ரத்தக் கசிவு இருக்கும். ஆண் நாய்கள் வாசலில் வந்து தவம் கிடக்கும், இவள் கிட்டவே சேர்க்க மாட்டாள். அப்புறம் கசிவு வெளுத்து, குறைஞ்சுடும். 'அப்பாடா, முடிஞ்சுது'ன்னு கேட்டைத் திறந்து விடுவோம். ஆனா, இணை சேர அவள் சம்மதிக்கிற நாட்களே அப்போதான் ஆரம்பிக்குது! மனுஷங்களோட பீரியட்ஸ் மாதிரி நினைச்சா ஏமாந்துடுவோம். நாய்க்கு ரத்தம் வருவது கருமுட்டை வெளிவருவதற்கு முன்னாடி.

இன்னொரு விஷயம்... ஆண் நாயின் விந்தணு உள்ளே பல நாள் உயிரோட இருக்கும். ஒரே ஈத்தில் வேற வேற அப்பாக்களின் குட்டிகள்கூடப் பிறக்கலாம். அதனால மூணு வாரம் முடியற வரைக்கும் மொட்டை மாடிக்குக்கூட நீங்க கூடவே போங்க. வெளியே போனா சங்கிலி கட்டாயம். மீறி ஏதாவது நடந்துட்டா, மறைக்காம உடனே கால்நடை மருத்துவரிடம் போங்க.

அடுத்து அம்மாவோட கவலை. ஒரு தடவை குட்டி போட்டாத்தான் நாய் ஆரோக்கியமா இருக்கும் என்பது காலங்காலமா சொல்லி வர்ற பேச்சு. மருத்துவத்தில் அதுக்கு ஆதாரம் இல்லை. குட்டியே போடாம, கருத்தடை செஞ்சுகிட்டு சந்தோஷமா வாழுற நாய்கள் ஏராளம். ஹீட் முடிஞ்ச சில வாரத்தில் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோய் ஒண்ணு இருக்கு. கவனிக்காம விட்டா உயிருக்கே ஆபத்து. அதைத் தடுப்பது கர்ப்பப்பையை எடுக்கும் கருத்தடை ஆபரேஷன்தான். அம்மாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க.

இருபத்தொரு மாசம் ஆச்சுன்னா உடனே ரெடியா? அங்கேயும் சில கேள்விகள் இருக்கு. ரேபீஸ், பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகள் முறையா போட்டாச்சா? பூச்சி மருந்து? உண்ணிக் காய்ச்சல் இருக்கான்னு ரத்தத்தில் பார்த்தாச்சா? ரெண்டு நாய்க்கும் புருசெல்லா டெஸ்ட் எடுத்தாச்சா? இது கருவைக் கலைக்கும், மனுஷங்களுக்கும் தொத்தும். ஆண் நாய் கூடப் பிறந்ததோ, நெருங்கின சொந்தமோ இல்லையே? வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாமை பரம்பரையா வரக்கூடியது, அதனால ரெண்டு பக்கமும் காதைச் சோதிக்கணும். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு வெச்சிருக்கிறவங்க ரெண்டு வயசில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. முக்கியமா, குணம்! ஆளைக் கண்டா நடுங்குற, காரணமில்லாம கடிக்கிற நாய்க்கு வாரிசு தேவையே இல்லை.

இதெல்லாம் ஓகே ஆனாலும் கடைசிக் கேள்வி உங்களுக்குத்தான். நீங்க ரெடியா? நாய்க்குச் சினைக் காலம் சுமார் 63 நாள். குட்டிகளைக் கொடுக்க இன்னும் எட்டு வாரம், அதாவது 56 நாள். கூட்டினா 119. கிட்டத்தட்ட ஒரு முழு செமஸ்டர்! நடுவில் இன்டர்னல்ஸ் வரும். குட்டி போடுற ராத்திரி கண் முழிக்கணும். அரை மணி நேரம் பலமா முக்கியும் குட்டி வரலையா, ஒரு குட்டிக்கும் அடுத்ததுக்கும் ரெண்டு மணி நேரம் தாண்டுதா, உடனே மருத்துவர். சிசேரியன் ஆனா, அந்தச் செலவு உங்களோடது. பால் கொடுக்கிற நாட்களில் கால்சியம் குறைஞ்சு ஜன்னி வரலாம். அதுக்குப் பயந்து சினையா இருக்கும்போதே கால்சியம் டானிக்கை நீங்களா ஊத்தினா, ஆபத்து இன்னும் கூடும்.

இத்தனைக்கும் அப்புறம்தான் குட்டி விற்கிற பேச்சு. ராஜபாளையத்துக்கு மவுசு இருப்பது உண்மைதான். 2005-ல் தபால்தலையே வெளியிட்டாங்க. 2020-ல் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் நம்ம நாட்டு நாய்களைப் பேர் சொல்லிப் பாராட்டினார். ஆனா எட்டுக் குட்டி பிறந்தா, துரத்தி ஓடுற இந்த வேட்டை நாய்க்கு இடமும் நேரமும் கொடுக்கிற எட்டு வீடு உங்களுக்குத் தெரியுமா? இணை சேர்க்கறதுக்கு முன்னாடி அந்த வீடுகளோட பட்டியலை எழுதிப் பாருங்க. பாதியிலேயே பேனா நின்னுடுச்சுன்னா, வெள்ளச்சி ரெடியா இருந்தாலும் நீங்க ரெடி இல்லைன்னு அர்த்தம். விலை போகாத குட்டிகள் கடைசியில் எங்கே போய்ச் சேரும்னு நம்ம தெருமுனையைப் பார்த்தாலே தெரியும்.

செமஸ்டர் ஃபீஸ் பெரிய பாரம்தான், புரியுது. காலேஜ் ஆபீஸில் உதவித்தொகை பத்தி விசாரிங்க, தவணையில் கட்ட முடியுமான்னு கேளுங்க. கூச்சப்படாதீங்க. அந்தப் பாரத்தைத் தூக்கி, இன்னும் ஓடி விளையாடி முடிக்காத ஒன்பது மாசக் குட்டியின் முதுகில் வைக்காதீங்க தோழி.

இப்போதைக்கு வெள்ளச்சிக்கு வேண்டியது மூணு வாரத்துக்குப் பூட்டின கேட். அதுக்கப்புறம், அவ ஓடி விளையாட ஒரு பெரிய மைதானம்!

அடுத்த வாரம் வேற ஒரு செல்லத்தோட சந்திப்போம். பை!