மலையடி நகரத்துக்கு ஒரு கோடை அறிக்கை: மேட்டுப்பாளையம் நகர்மன்றத் தலைவருக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு,



சித்திரை பிறந்து வெயில் உறைக்கத் தொடங்கியதும் நம் ஊரின் பெயர் பத்திரிகைகளில் அடிக்கடி தென்படலாகிறது. உதகைக்குச் செல்லும் வாகனங்கள் குன்னூர்ச் சாலை வழியாக ஏறிக் கோத்தகிரிச் சாலை வழியாக இறங்கவேண்டும் என்று ஓர் அறிவிப்பு. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இ-பாஸ் முறையைப் பற்றியும், 2025-ஆம் ஆண்டுக் கோடையில் வார நாட்களில் 6,000 வாகனங்களும் வார இறுதியில் 8,000 வாகனங்களுமே நீலகிரிக்குள் அனுமதிக்கப்படும் என்று விதிக்கப்பட்ட வரம்பைப் பற்றியும் வேறோர் அறிவிப்பு. மலை ரயிலில் இடம் உண்டா, மலர்க்காட்சி என்றைக்குத் தொடங்கும் என்பனவற்றைப் பற்றி இன்னும் பல. இவற்றையெல்லாம் ஊன்றிப் படிக்கும் ஒருவருக்கு, இவை மேட்டுப்பாளையத்தைக் குறித்த செய்திகள் அல்ல, மேட்டுப்பாளையத்தைக் கடந்து மேலே போகிறவர்களுக்கான செய்திகள் என்பது சிறிது நேரத்திலேயே விளங்கிவிடும். மேலே போவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். கீழே நெரிசலில் நிற்பதற்கு யாதொரு சீட்டும் வேண்டியதில்லை.

இந்த நிலை இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1873-இல் போத்தனூரிலிருந்து இருப்புப்பாதை இங்கு வந்து முடிந்த நாள் தொட்டு, சென்னை ராஜதானியின் கவர்னரும் அவருடைய பரிவாரமும் காகிதக் கட்டுகளும் கோடைதோறும் உதகைக்குக் குடிபெயர்ந்த காலமெல்லாம், துரைமார் வண்டி மாறும் இடம் என்பதே இவ்வூருக்கு வெளியுலகம் அளித்த பெருமையாக இருந்தது. 1899-இல் மலை ரயில் குன்னூர் வரைக்கும், 1908-இல் உதகை வரைக்கும் எட்டியபின், மலையேற்றம் சுலபமாயிற்றேயன்றி ஊரின் ஸ்தானம் மாறவில்லை. எல்லோரும் மிதித்துச் செல்ல, எவரும் உட்காராத வாசற்படியாகவே அது இருந்துவந்தது. அந்தப் படியில் பிறந்து வளர்ந்து, உருளைக்கிழங்கு மண்டியிலும் வாழைக்காய் ஏலத்திலும் ஜீவனம் நடத்தி, வரி செலுத்தி, வாக்களித்து வாழும் ஜனங்களுக்குக் கோடை என்பது விடுமுறைக் காலமன்று. வேலை மிகுந்து, தண்ணீர் குறைந்து, சாலை நிறைந்து, ஆறு ஆபத்தாகும் காலம்.

ஆதலால் தங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. சித்திரை, வைகாசி, ஆனி ஆகிய மூன்று மாதங்களிலும் வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமைதோறும், ஒரு பக்கத்துக்கு மிகாத ஓர் அறிக்கையை நகர்மன்றம் தன் பெயரால் தன் ஜனங்களுக்கு வெளியிடவேண்டும் என்பதே அது.

இது எவரையும் குற்றஞ்சாட்டும் மடல் அன்று. செய்திகள் சொல்லப்படாமல் இல்லை. அவை சிதறிக் கிடக்கின்றன என்பதுதான் என் விண்ணப்பத்தின் காரணம். சாலையை ஒருவழியாக்குவது நீலகிரி மாவட்ட நிர்வாகத்தின் முடிவு. நம் ஊரோ கோவை மாவட்டத்தில் இருக்கிறது. வாகன வரம்பு நீதிமன்றத்தின் ஆணை. பில்லூர் அணையில் நீர் எவ்வளவு என்பது மின்வாரியத்தின் கணக்கு. ஆற்றங்கரைக் காவல் போலீஸாரின் பொறுப்பு. கல்லாற்றில் யானை இறங்கிற்றா என்பது வனத்துறையின் கவலை. இத்தனை அலுவலகங்களின் வாக்கும் இத்தனை திசைகளிலிருந்து வரும்போது, ஒரு சாதாரணக் குடும்பஸ்தன் அவற்றில் எதைத் தேடுவான், எங்கே தேடுவான்? இந்த அதிகாரங்களுள் பெரும்பாலானவை நகர்மன்றத்தின் கையில் இல்லை என்பதை நான் அறியாதவன் அல்லேன். ஆனால் அதிகாரம் இல்லாத விஷயத்தைக்கூட அறிவித்துச் சொல்லும் உரிமை நகர்மன்றத்துக்கு உண்டு. ஏனெனில், மேற்சொன்ன ஸ்தாபனங்கள் எல்லாவற்றிலும் இவ்வூர் ஜனங்கள் வாக்களித்து அமர்த்திய சபை அது ஒன்றே.

அந்த அறிக்கையில் முதலிடம் ஆற்றுக்கு இருக்கவேண்டும். பவானியைப் பற்றி வெளியூரார் அறியாத, உள்ளூராரும் சில வேளை மறந்துவிடுகிற ஓர் உண்மை உண்டு: அதன் நீர்மட்டத்துக்கும் நம் தலைக்கு மேலுள்ள வானத்துக்கும் சம்பந்தமே இல்லை. நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் புகுந்து அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் தமிழகத்துக்குத் திரும்பி வரும் இந்த நதி, பில்லூர் அணையில் தேங்கி, அங்குள்ள மின் உற்பத்தி நிலையத்தின் தேவைக்கேற்பத் திறந்துவிடப்பட்டே நம்மை வந்தடைகிறது. கோடையில் காலையில் கணுக்காலளவு ஓடிய நீர், மின்சாரத் தேவை மிகும் வேளையில் இயந்திரங்கள் சுழலத் தொடங்கியபின், யாதொரு மழையும் யாதொரு மேகமும் இன்றி, மார்பளவுக்கு உயர்ந்துவிடக்கூடும். வெயிலில் வாடி வந்த வெளியூர்ப் பிள்ளைகள், நடுவில் தெரியும் பாறைவரை நடந்து சென்று உட்கார்ந்திருக்கையில் நீர் சூழ்ந்துகொள்ள, கரை திரும்ப வழியின்றி மாண்ட துயரம் இந்தக் கரைகளில் பலமுறை நேர்ந்திருக்கிறது. காவலர்கள் கரையில் நின்று எச்சரிக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகைகளும் நிற்கின்றன. எனினும் ‘ஆழமான பகுதி, குளிக்காதீர்’ என்று மட்டும் ஒரு பலகை சொல்லுமானால், அது அரை உண்மையையே சொல்லுகிறது. ஆழமில்லாத இடமே ஆழமாகிவிடும் என்பதையும், அது எந்த வேளையில் ஆகக்கூடும் என்பதையும் சொன்னால்தான் ஒரு பதினெட்டு வயதுப் பையன் நம்புவான்; தன் கண்ணுக்கு முன்னால் கணுக்காலளவு ஓடும் தண்ணீரை ஆழம் என்று சொல்லும் பலகையை அவன் ஏன் நம்பவேண்டும்?

வெள்ளிக்கிழமை அறிக்கையில், மின்வாரியத்தாரிடம் கேட்டு, வரும் வாரத்தில் உத்தேசமாக எந்தெந்த நேரங்களில் நீர் திறக்கப்படும் என்பதை இரண்டு வரிகளில் குறிப்பிடலாம். மின் உற்பத்தியின் நேரம் தேவையைப் பொறுத்து மாறுவது என்று அவர்கள் மறுமொழி கூறக்கூடும். மாறினாலும் பாதகமில்லை; நாள் முழுவதும் மாறக்கூடியது என்ற செய்தியே ஓர் எச்சரிக்கைதான். வைகாசி கழிந்து தென்மேற்குப் பருவக்காற்று மலைமேல் பொழியத் தொடங்கியபின் இந்த வரிகள் இன்னும் அவசியமாகின்றன. 100 அடி வரை தேக்கக்கூடிய பில்லூரில் நீர் 97 அடியை எட்டியதும் உபரிநீரைத் திறந்துவிடுவது வழக்கம். அந்தப் பருவத்தில் மலைக்கு மழை, நமக்கு வெறும் காற்று. நம் மழை ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து வருவது. ஆகையால் நாம் குடையை விரிக்காத நாளிலேயே ஆறு கரைபுரண்டு வரும். அணையின் நீர்மட்டத்தை ஓர் எண்ணாக எழுதி, பேருந்து நிலையத்தில் ஒரு கரும்பலகையில் நாள்தோறும் போட்டால் போதும். கரையோரத் தெருக்களில் இருக்கும் கிழவிகள்கூட ஒரே பருவத்தில் அந்த எண்ணைப் படித்துப் பொருள்கொள்ளக் கற்றுவிடுவார்கள். ஆற்றுக்கு நகராட்சி எல்லை தெரியாதாகையால், வனபத்ரகாளியம்மன் கோயில் இருக்கும் தேக்கம்பட்டிப் பக்கத்து ஊராட்சிகளுக்கும் அதே தாளை அனுப்பிவைத்தல் நலம். கோயிலுக்குத் திரளும் பக்தர்கள் நீராடுவது அந்தக் கரையில்தான்.

ஆற்றைப் பற்றிச் சொல்லும்போது குடிநீரையும் சொல்லியாகவேண்டும். இதே நதியிலிருந்து கோவை மாநகருக்குக் குடிநீர்த் திட்டங்களின் மூலம் நீர் போகிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. தாகம் எல்லோருக்கும் பொது. ஆனால் நதிக்கரையில் குடியிருப்பவர்கள் கோடையில் தங்கள் தெருவுக்கு எந்த நாள், எந்த நேரத்தில் நீர் விடப்படும் என்பதை வார்டு வாரியாக முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புவது பேராசை ஆகாது. தண்ணீர் இரண்டு நாள் தாமதமாவதைவிட, எப்போது வரும் என்று தெரியாமல் ஒரு பெண் வேலைக்குப் போகாமல் குழாயடியில் காத்திருப்பதே பெரிய நஷ்டம். மின்தடையால் நீரேற்றம் நின்றது, குழாய் உடைந்தது என்று காரணமும் ஒரு வரியில் இருந்துவிட்டால், ஜனங்களின் கோபத்தில் பாதி அடங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

சாலையைக் குறித்து நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. அதன் அவஸ்தையைத் தாங்களே அறிவீர்கள். ஒருவழிப் பாதை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது, மண்டிக்கு வரும் லாரிகளுக்கு எந்த நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஒரு கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஆட்டோக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தத் தெருவை நம்பலாம் என்பவை மட்டும் இருந்தால் போதும். குப்பையும் அப்படியே. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களும் சிறு தண்ணீர் பாட்டில்களும் தடைசெய்யப்பட்டிருப்பது நல்ல சட்டம். ஆனால் மலைமேல் கொண்டுபோகக் கூடாதது மலையடியில் கழிக்கப்படும் என்பது வெளிப்படை. சீசன் முடிவதற்குள் எத்தனை டன் கூடுதல் குப்பையை நம் தூய்மைப் பணியாளர்கள் அள்ளினார்கள் என்ற கணக்கை வாராவாரம் வெளியிட்டுவந்தால், சுற்றுலாவின் செலவில் ஒரு பங்கை அரசிடம் கேட்பதற்கு அந்த எண்களைவிடச் சிறந்த வக்கீல் தங்களுக்குக் கிடைக்கமாட்டார்.

கோடையில் சொல்லத்தக்கது என்று பலருக்குத் தோன்றாத விஷயம் ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு என் கை சற்றுத் தயங்குகிறது. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையில், பெருமழையில் நம் ஊர் நடூரில் ஒரு நெடுஞ்சுவர் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டார்கள். அந்தச் சுவர் மழையில் விழுந்தது என்பது உண்மை. மழை வராத மாதங்களில்தான் அதைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியும் என்பதும் அவ்வளவு உண்மை. ஐப்பசியில் மண் ஊறியபின் ஒரு பொறியாளர் வந்து பார்ப்பதில் பிரயோஜனம் குறைவு. காய்ந்த நிலத்தில், வெயில் காலத்தில், எந்தெந்தச் சுவர்கள், எந்தெந்த ஓடைக்கரைகள் பரிசோதிக்கப்பட்டன, எவை ஆபத்தானவை என்று சொந்தக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கப்பட்டது, நோட்டீஸின் பின்னர் என்ன நடந்தது என்பவை அந்த ஒரு பக்கத்தில் இடம்பெறட்டும். ஆற்றுக்கு அடுத்தபடியாக இந்த வரிகளையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

எஞ்சிய இடத்தில் நகர்மன்றத்தின் தீர்மானங்கள் இடம்பெறட்டும்; அவற்றை ஜனங்கள் அறிவதே சுயாட்சியின் தொடக்கம். ஸ்தல சுயாட்சியைப் பற்றிய ரிப்பன் பிரபுவின் தீர்மானம் வெளிவந்ததும் ஒரு கோடையில்தான், 1882-ஆம் ஆண்டு மே மாதத்தில். அதிலிருந்து 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தையும், 1993 ஜூன் 1-இல் அமலுக்கு வந்த எழுபத்து நான்காவது அரசியல் சாசனத் திருத்தத்தையும் கடந்து, 2022 நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி நாளன்று தமிழக நகரங்களில் பகுதி சபைகள் கூடியதுவரை, ஜனங்கள் தங்கள் ஊரைத் தாங்களே ஆளவேண்டும் என்று சட்டங்கள் திரும்பத் திரும்பக் கூறிவந்திருக்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டமும், எவரும் மனுப்போட்டுக் கேட்பதற்கு முன்னரே பொது அலுவலகங்கள் தாமாக வெளியிடவேண்டியவை இன்னின்னவை என்று நான்காம் பிரிவில் விதித்திருக்கிறது. பகுதி சபைக்கு வருகிறவர் என்ன நடந்தது என்று கேட்பதிலேயே நேரத்தைக் கழித்துவிட்டால், என்ன நடக்கவேண்டும் என்று பேச நேரம் ஏது? பன்னிரண்டு வாரத் தாள்களைப் படித்துவிட்டு வருகிற சபை வேறு விதமாகப் பேசும். சில கேள்விகள் தங்களுக்குச் சங்கடமாகவும் இருக்கும். அதை நான் மறைக்கவில்லை.

அறிக்கையின் நடையைப் பற்றி ஒரு வார்த்தை. ‘மேற்கண்ட பொருள் தொடர்பாக’ என்று தொடங்கி ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று முடியும் வாக்கியங்களைத் தயவுசெய்து தவிர்த்துவிடவேண்டும். எழுதுவதற்கு ஒரு குமாஸ்தா வேண்டாம். ஊரில் ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் மகிழ்ச்சியோடு எழுதிக்கொடுப்பார். பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்து வாயிலிலும் மண்டிகளிலும் ரேஷன் கடைகளிலும் ஒட்டினால் பாதி ஊர் படித்துவிடும். படிக்க நேரமில்லாத மறு பாதிக்கு, தெருத்தெருவாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் குப்பை வண்டிகளின் ஒலிபெருக்கி இருக்கிறது. இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒரு நிமிஷம் ஆற்றையும் தண்ணீரையும் பற்றிய வரிகளைப் படிக்கச் செய்யலாம். கத்திரி வெயில் மே மாதத் தொடக்கத்தில் ஆரம்பமாகிறது, அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை முதல் தாள் வெளிவருமானால், பிழை திருத்திக் கொடுக்கும் வேலைக்கு என்னை அழைத்துக்கொள்ளலாம், ஊதியம் வேண்டியதில்லை.

இங்ஙனம்,
தங்கள் நகரத்தில் வரி செலுத்தும் பிரஜை ஒருவன்