பயணச் சீட்டும் கடனட்டையும்

ஆடி பிறந்ததும் பிரித்தானியாவில் பள்ளிக்கூட விடுமுறையும் வந்துவிடும். நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாவும் பெரும்பாலும் அதனையொட்டியே வருவதால், குடும்பத்தோடு ஊருக்குச் செல்ல விரும்புவோர் மாசி, பங்குனியிலேயே விமானச் சீட்டுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு இது பல மாதச் சேமிப்பு. அந்தப் பணத்தை எவ்வழியாற் கட்டுவது என்பதைச் சிந்திப்பவர்கள் மிகச் சிலரே.

"கடன் வாங்கிக் கோயிலுக்குப் போவதா?" என்று பெரியோர் கேட்பது நியாயமே. ஆனால் கடனட்டையைக் கடனுக்காகவன்றிக் காவலுக்காகவும் பயன்படுத்தலாம். 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவு, 100 பவுணுக்கு மேற்பட்டு 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளையோ சேவையையோ கடனட்டையில் வாங்கினால், விற்றவரோடு அட்டை நிறுவனமும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. முற்பணத்தை மட்டும் அட்டையிற் கட்டினாலும் முழுத் தொகைக்கும் இப்பொறுப்பு உண்டு. டெபிற் அட்டைக்கு இச்சட்டப் பாதுகாப்பு இல்லை. அதில் பணத்தை மீளக் கேட்கும் வழி, அட்டை நிறுவனங்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட விதியேயாகும்.

இது வெறும் ஏட்டுச் சட்டமன்று. இலண்டனிலிருந்து மும்பாய் வழியாகச் சென்னை செல்லும் நம்மவர் பலர் நாடிய ஜெற் ஏர்வேய்ஸ், 2019 ஏப்ரல் 17 இல் சேவையை நிறுத்தியது. கோடை விடுமுறைக்குச் சீட்டு எடுத்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அத்தகைய வேளையில் கடனட்டையில் நேரே சீட்டு வாங்கியவருக்குச் சட்டப்படி கேட்க ஓர் இடமுண்டு. காசாகக் கொடுத்தவரோ கடன்காரர் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான்.

எனினும் நம்மவரிடையே உள்ள இரு வழக்கங்கள் இப்பாதுகாப்பைக் கெடுக்கின்றன. ஒன்று, மைத்துனரின் அட்டையில் நான்கு குடும்பத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டுப் பின்னர் காசு கொடுப்பது. அட்டைக்குரியவரும் சீட்டு வாங்கியவரும் வேறானால் உரிமை கேட்பது சிக்கலாகும். மற்றது, தெரிந்த முகவரிடம் பணத்தைக் கொடுத்து வருவது. இடையில் முகவர் நின்றால் 75 ஆம் பிரிவின் தொடர்பு அறுந்துபோகக்கூடும். விமான நிறுவனத்திடமே நேரே வாங்குவது நன்று. முகவரிடம் வாங்குவதானால் 'அற்றோல்' என்னும் விமானப் பயணப் பாதுகாப்புச் சான்றிதழ் தருவாரா என்று முதலிலே கேட்க வேண்டும். அட்டையிற் கட்டினால் மேலதிக கட்டணம் என்று சொன்னால் அதற்கு இணங்க வேண்டியதில்லை. தனிப்பட்டவரின் அட்டைக்கு அவ்வாறு அறவிடுவது 2018 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

இனி எந்த அட்டை என்பது. விளம்பரங்கள் விமான மைல்களைக் காட்டி அழைக்கின்றன. மைல்களாற் பெறும் சீட்டுக்கும் வரியும் கட்டணமும் உண்டு. சில அட்டைகளுக்கு ஆண்டுச் சந்தாவும் உண்டு. மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டாதவருக்கு ஆண்டு வட்டி பெரும்பாலும் நூற்றுக்கு 20 இற்கும் மேல். வட்டி கட்டிப் பெற்ற இலவசம் இலவசமாகாது.

நெடும்பயணம் செல்பவர் பார்க்க வேண்டியது வெளிநாட்டுச் செலவுக் கட்டணத்தையே. பல அட்டைகள் நூற்றுக்கு ஏறக்குறைய 3 அறவிடுகின்றன. சில ஒன்றும் அறவிடுவதில்லை. கொழும்பிலும் சென்னையிலும் 1,000 பவுண் செலவழிப்பவருக்கு இந்த வேறுபாடு 30 பவுண். கடையில் "பவுணிலா ரூபாயிலா?" என்று கேட்டால் ரூபாயென்றே சொல்ல வேண்டும், பவுணென்றால் அங்குள்ளோர் வைத்த மாற்று விகிதமே விலையாகும். கடனட்டையிற் காசு எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். அதற்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறும்.

ஆகவே சொந்தப் பெயரில் ஓர் அட்டை, வெளிநாட்டுக் கட்டணம் இல்லாதது, வங்கியில் ஏற்கனவே சேர்த்த பணத்தால் மாதந்தோறும் முழுவதும் அடைக்கப்படுவது. இவை மூன்றும் போதும். சேமித்த பின்னரே சீட்டு எடுக்க வேண்டும்; எடுக்கும்போது அட்டையால் எடுக்க வேண்டும். கடன் வேண்டாமென்ற பெரியோர் சொல்லும் காக்கப்படும், பிள்ளைகளோடு ஊர் காணும் பயணமும் காக்கப்படும்.